போயா நாளில் சலூன் மூடியிருக்கும்

போயா நாளில் சலூன் மூடியிருக்கும்.
அதனால்தான் எங்களுக்கு அது கிடைத்தது.
சாவியைத் தரும்போது லோஜினியின் அண்ணன்
"கதிரையைச் சுத்தாதீங்க" என்பான்.
சுற்றுவோம்.

முன்னால் கண்ணாடி, பின்னால் கண்ணாடி.
நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால்
ஹப்புத்தளையிலேயே பெரிய பரீட்சை மண்டபம்.

வர்த்தமானி கைக்கு வந்து ஒன்பது நாள்.
கொமினிகேஷனில் எடுத்த பிரதி
சிங்களத்தில் தெளிவாகவும்
தமிழில் கொஞ்சம் மங்கலாகவும் இருந்தது.
மெஷினின் குறை என்றாள் ரிஸ்மியா.
நம்பினோம்.

பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு
முதலில் நிபந்தனைகளை வாசிக்கக் கற்றோம்.
எங்கே "மற்றும்", எங்கே "அல்லது".
ஒரு "ஏதேனும்" சொல்லில்
திவாகரன் இரண்டு வருடம் தொலைத்தவன்.
ஏதேனும் ஐந்து; ஆனால் ஒவ்வொரு பகுதியிலும்
ஒன்றாவது எழுத வேண்டுமாம்.
தெரிந்த பகுதியை மட்டும்
அழகான எழுத்தில் நிரப்பிவிட்டு
இரவு ரயிலில் பாட்டுக் கேட்டபடி வந்து இறங்கினான்.

போன வருடக் கலண்டரின் பின்பக்கத்தில்
லோஜினி கோடு போட்டாள்.
நுண்ணறிவு. கிரகிப்பு. பொது அறிவு.
விடய ஆய்வுக்கு நேரே ஒரு கேள்விக்குறி.
"இதுக்கு என்னத்த படிக்கிறது?"
"படிக்க ஏலாது. ஒரு கதை தருவாங்க.
நாமதான் அதிகாரி. முடிவெடுக்கணும்."

நுண்ணறிவுக்கு நான் பயமில்லை.
பாமசியில் நாலு வருடமாக
டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கிறவள்.
நான்கு, ஒன்பது, பத்தொன்பது, முப்பத்தொன்பது,
அடுத்தது எழுபத்தொன்பது.
சவரச் சவுக்காரத்தால்
கண்ணாடியிலேயே விடை எழுதினோம்.
ரிஸ்மியா போனில் நேரம் பிடித்தாள்.

சுருக்கம்தான் எனக்கு வராது.
இருநூறு சொல்லை எழுபதாக்கச் சொன்னால்
எல்லாச் சொல்லும் பாவமாக இருக்கிறது.

பிறகு திவாகரன் மாதிரி வினாவொன்றை வாசித்தான்:

"நீர் ஒரு மலைப்பிரதேசத்தின் பிரதேச செயலாளர் எனக் கொள்க.
தொடர்மழை. நாற்பத்தொரு குடும்பங்கள்.
குடியிருப்புச் சுவர்களில் வெடிப்பு.
மாற்றுக் காணி இன்னும் கம்பனியின் கையில்.
உமது நடவடிக்கைகளை
முன்னுரிமை ஒழுங்கில் தருக. இருபது புள்ளிகள்."

லோஜினியின் கதிரை சுற்றுவதை நிறுத்தியது.

அந்த நாற்பத்தொன்று போல ஒன்றில் நானும் இருந்தேன்.
ஐந்தாம் வகுப்பறையில் பத்தொன்பது நாள்.
அரிசி, டின்மீன், ஒரு கையொப்பம்.
ஆறு தடவை பஸ் ஏறிப் போனோம்.
ஆறு தடவையும் கிளார்க் சொன்னார்,
"சேர் கூட்டத்தில."
இந்த வினாவில் அந்த சேர் நான்.

முதலாவது, என்று எழுதினேன்.
முதலாவது என்ன?
காணியை எடுத்துக் கொடு என்று கை சொன்னது.
"அந்த அதிகாரம் உனக்கில்ல,"
திவாகரன் மெதுவாகச் சொன்னான்,
"அதையும் எழுதணும். அதுக்கும் புள்ளி இருக்கு."
கோபத்துக்கு இல்லை.

நேரம் முடிந்தபோது ஒன்றரைப் பக்கம்.
வாசித்துப் பார்த்தால்
அந்த சேரே எழுதினது மாதிரி:
"உரிய திணைக்களத்துக்கு அறிவிக்கப்படும்."

கிழித்தேன். மறுபடி எழுதினேன்.
பாடசாலைக்கு நானே போவேன்.
காணிக்கு எத்தனை நாளாகும் எனச் சொல்வேன்.
தெரியாவிட்டால்
தெரியாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

ரிஸ்மியா திருத்தினாள்: இருபதுக்கு ஒன்பது.
"அமைப்பு இல்லடி. தலைப்புப் போடு, இலக்கம் போடு."
போட்டேன். பதின்மூன்றானது.

விண்ணப்பத்தில் கடைசியாக முகவரி.
எங்கள் லயத்துக் கடிதங்கள்
தோட்ட ஆபீசில் ஒரு வாரம் தூங்கித்தான் எழும்பும்.
அனுமதி அட்டை அப்படித் தூங்கினால்
பரீட்சை எனக்காக நிற்காது.
அதனால் சலூனின் முகவரியை எழுதினேன்,
கதவிலக்கத்தோடு, பெரிய எழுத்தில்.

மறுநாள் அண்ணன் கேட்டானாம்,
நடுக் கதிரையை இவ்வளவுக்கு உயர்த்தினது யாரென்று.